வெள்ளவத்தையில் ஒரு கிராமபோன்

சிலி நாட்டுத் தூதரக அலுவலராக 1929இல் கொழும்புக்கு வந்தபோது பாப்லோ நெரூதாவுக்கு வயது 24. வெள்ளவத்தையில் கடலோரம் ஒரு வீடு, வளர்ப்புக்கு ஒரு கீரி, கொழும்பின் புகைப்படக் கலைஞரும் பியானோ வித்தகருமான லயனல் வென்ட் அனுப்பிவைக்கும் புத்தகங்கள். இவற்றோடு கழிந்த நாள்களை, அவர் இறந்த பின் 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் காணலாம். அந்த வீட்டில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது செசார் ஃப்ராங்க் இயற்றிய வயலின்-பியானோ சொனாட்டா. மார்செல் ப்ரூஸ்ட்டின் நாவலில் வரும் கற்பனை இசையமைப்பாளரின் இசைத்துணுக்கு இதில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். அதே வீட்டில் மலக்கழிவு அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தம் செய்ததையும் அதே நூலில் அவரே எழுதியிருக்கிறார். வெள்ளவத்தை நெரூதாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இசையைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

அறிவியலுக்கு அந்த வீட்டில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கிராமபோனிலிருந்து உண்மையில் என்ன ஒலி வந்திருக்கும்? இன்று அதே காலத்துப் பதிவு ஒன்றை ‘ரீமாஸ்டர்’ செய்யப்பட்டது என்ற முத்திரையோடு இறுவட்டிலோ கைபேசியிலோ கேட்கிறோமே, அதற்கும் இதற்கும் என்ன உறவு?

ஃப்ராங்கின் சொனாட்டாவை அந்நாளில் புகழ்பெறச் செய்த இணை, வயலினில் ஜாக் திபோ, பியானோவில் அல்ஃப்ரெட் கோர்த்தோ. இருவரும் அதை ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ நிறுவனத்துக்காக 1923இலும் 1929இலும் இரண்டு முறை பதிவு செய்தார்கள். கலைஞர்களும் இசையும் அவையே, இடைவெளி ஆறு ஆண்டுகள்தான். ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்று மூடிய கதவுக்கு வெளியிலிருந்தும் மற்றது அறைக்குள்ளிருந்தும் ஒலிக்கும். இடையில் வந்தது ஒலிவாங்கி.

1925 வரை இசைப்பதிவில் மின்சாரத்துக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. கலைஞர்கள் ஒரு பெரிய உலோகக் கூம்பின் வாயருகே நெருங்கி நின்று வாசிப்பார்கள். கூம்பின் முனையில் ஒரு மெல்லிய தகடு, தகட்டில் ஓர் ஊசி. காற்றின் அதிர்வு ஊசியை ஆட்ட, ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் பள்ளம் கீறும். இசையின் சொந்த ஆற்றலே பள்ளத்தை வெட்ட வேண்டும் என்பதால் மெல்லிய ஒலிகள் கீறாமலே போயின. கூம்புக்குள் புகுந்து பள்ளத்தில் பதிந்த ஒலியின் எல்லை ஏறத்தாழ 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காதோ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது.

தனிப்பாடகருக்கு இது ஓரளவு போதும். சிம்பொனிக்கு இது கொடுமை. டபுள் பேஸ் என்னும் பெரும் வயலினின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். கூம்புக்கு அது ‘கேட்கவே’ கேட்காது. அதனால் பல பதிவுகளில் அந்த வாத்தியத்தின் வேலையைப் பித்தளைத் தூபாவிடம் கொடுத்தார்கள். வயலினின் மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கூம்பு பொருத்திய ‘ஸ்ட்ரோ வயலின்’கள் வந்தன. இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும், 1913 நவம்பர் 10ஆம் திகதி ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தி பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை முழுமையாகப் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் அளவில், எட்டுப் பக்கங்களில். சிம்பொனிப் பதிவின் வரலாற்றை இந்தத் தட்டுகளை விட்டுவிட்டு எழுதுவதில்லை.

250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவுமே இல்லாத தட்டில், அடிச்சுரங்கள் நமக்கு எப்படிக் கேட்கின்றன? அங்கே மூளை ஒரு வேலை செய்கிறது. ஒரு தந்தி 100 ஹெர்ட்ஸில் அதிரும்போது 200, 300, 400 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். அடியில் உள்ள 100ஐ நீக்கிவிட்டாலும், மேலே உள்ளவற்றுக்கு இடையே இருக்கும் 100 என்ற இடைவெளியை வைத்து மூளை சுருதியைத் தானே கணித்துக்கொள்ளும். பழைய தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தியதில்லை. ஆனாலும் 110 ஹெர்ட்ஸ் அளவில் பேசும் ஆண் குரலை யாரும் பெண் குரல் என்று மயங்கியதில்லை. 1913இன் பீத்தோவனில் பாதியை வாசித்தது பெர்லின் குழு. மீதியை வாசிப்பது நம் தலைக்குள் இருக்கும் குழு.

1925இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் உருவாக்கிய மின்பதிவு முறை சந்தைக்கு வந்தது. எல்லை 100 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்கு விரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி தேசாதிபதி ஹியூ க்ளிஃபோர்ட் கொழும்பு வானொலியைத் தொடக்கிவைத்தார். அதற்கு முன்பே தந்திப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒரு பரப்பியைக் கட்டி, மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பியிருந்தார். ஆசியாவின் மூத்த வானொலிகளில் ஒன்றான ரேடியோ சிலோனின் முதல் ஒலி, ஆக, இசைத்தட்டின் ஒலி.

இனித் தட்டைப் பார்ப்போம். 78 சுற்றுத் தட்டை ‘அரக்குத் தட்டு’ என்று சொல்வது வெறும் வழக்கு இல்லை. அதன் பசை அரக்குப் பூச்சியின் சுரப்பு. பெரும்பகுதி வங்காளம், சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து உலகமெங்கும் போனது. ஆனால் தட்டில் அரக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மீதி கற்பொடி, பஞ்சிழை, கரி. கற்பொடியை வேண்டுமென்றேதான் சேர்த்தார்கள்: எஃகு ஊசியின் முனை பள்ளத்தின் வடிவத்துக்குத் தேய வேண்டும் என்பது கணக்கு. ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றச் சொன்னதும் அதனால்தான். உரசும் தட்டு தேய்க்கும், தேய்க்கும்போது இரையும். பழைய தட்டில் கடுகு தாளிப்பதுபோல் கேட்கும் ஓசையில் ஒரு பகுதி கீறல்களால் வருவது. மற்றது, புதிதாகக் கடையில் வாங்கிய நாளிலேயே அதில் இருந்தது.

ரீமாஸ்டர் என்றதும் கணினித் திரையில் அலைவரைபடம்தான் பலர் மனதில் வரும். அனுபவசாலிகளைக் கேட்டால், பாதிப் போர் கணினியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பார்கள். முதலில் ஊசி. நீள்தட்டு எனப்படும் எல்.பி.க்கான ஊசிமுனையின் ஆரம் சுமார் 0.018 மில்லிமீற்றர். 78 தட்டுக்கு 0.06 முதல் 0.08 வரை வேண்டும். சின்ன ஊசியை அகன்ற பள்ளத்தில் இறக்கினால் அது அடியில் கிடக்கும் அழுக்கில் உருண்டு இரைச்சலை மட்டுமே கொண்டுவரும். கைதேர்ந்தவர்கள் பல அளவுகளில் ஊசி வைத்திருப்பார்கள். 1930களின் எஃகு ஊசி பள்ளச் சுவரின் எந்த உயரத்தைத் தேய்த்ததோ அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ உள்ள, யாரும் தொடாத சுவரைத் தேடிப் பிடிப்பார்கள். அங்கே 90 வருடப் பழைய ஒலி புத்தம்புதிதாக இருக்கும்.

இரண்டாவது தந்திரம் இன்னும் அழகு. ஒற்றைத்தட ஒலிப்பதிவைக் காலம் பிந்திய ஸ்டீரியோ முள்ளால் வாசிக்கும்போது இடச்சுவர், வலச்சுவர் என்று இரண்டு பிரதிகள் கிடைக்கும். இசை இரண்டிலும் ஒன்றே. கீறலும் தூசியும் மட்டும் வேறு வேறு. இரண்டையும் கூட்டினால் இசை வலுக்கும். இரைச்சல் அந்த அளவுக்கு வலுக்காது. இன்னும் ஒரு படி மேலே போய், கணத்துக்குக் கணம் எந்தச் சுவர் அமைதியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் 1970களிலேயே வந்துவிட்டன.

அடுத்தது வேகம். ‘78’ என்ற எண் பெயரளவில்தான் 78. 1920களுக்கு முந்திய தட்டுகள் 70இலிருந்து 80க்கு மேலும் பலவாறாகச் சுழன்றன. 78 சுற்றில் நாலரைச் சுற்று மாறினாலே இசை அரைச்சுரம் ஏறிவிடும். சி மைனரில் உள்ள பீத்தோவனின் ஐந்தாவது சி ஷார்ப் மைனராகிவிடும். இதைக் காதால் பிடித்துவிடலாம். அதில் பாதி அளவு பிழை என்றால் பாடு கடினம், ஏனென்றால் அக்காலத்தில் பெர்லினின் சுருதியும் லண்டனின் சுருதியும் ஒன்றில்லை. போர்க்காலத்தில் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் பெர்லினில் நடத்திய கச்சேரிகளின் நாடாக்கள் சோவியத் படையின் கைக்குப் போய், மாஸ்கோவில் எல்.பி.களாக வெளிவந்தன. அவற்றில் சில சுருதி ஏறி ஒலித்ததால், அவரது பீத்தோவன் உள்ளதைவிட வேகமானது என்று கூடச் சிலர் நம்பினார்கள். நாடாக்களில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. மின்கம்பியிலிருந்து கசிந்து பதிவாகும் மெல்லிய ரீங்காரம் ஐரோப்பாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். அது 51இல் கேட்டால் நாடா வேகமாக ஓடுகிறது என்று பொருள். ஒழிக்கப் பார்க்கும் இரைச்சலே வேகமானியாக உதவுகிறது.

இத்தனைக்கும் பிறகுதான் கணினி. ‘டிக்’ என்று வரும் கீறலின் ஆயுள் ஆயிரத்தில் ஒரு நொடி இருக்கலாம். நொடிக்கு 96,000 முறை அளவெடுக்கும் பதிவில் அது 96 எண்கள். அந்த 96ஐயும் அழித்துவிட்டு, முன்னும் பின்னும் உள்ள எண்களின் போக்கைப் படித்து, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணிக்கலாம். தந்தியோ காற்றுத்தூணோ அதிரும்போது ஓர் ஒழுங்கோடு அதிர்வதால் கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. பிரித்தானிய தேசிய ஒலி ஆவணக்காப்பகத்தின் தூண்டுதலால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ரேனர் குழு 1980களில் இந்தக் கணிதத்தை வளர்த்தது. அதிலிருந்து பிறந்ததே ‘சீடார்’ நிறுவனம். ஆனால் கணிதத்துக்குக் கீறலும் இசையும் வேறென்று பிறவியிலேயே தெரியாது. டிரம்பெட்டின் கூர்மையான முதல் ஊதலையும் டிம்பனியின் அடியையும் அது கீறல் என்று விழுங்கப் பார்க்கும். ஒரு தவில் தட்டை அதன் கையில் அப்படியே கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தொடர்ந்து கேட்கும் ‘ஸ்ஸ்’ இரைச்சல் வேறு சிக்கல். இசையில்லாத இடத்தில் அதன் சாயலை எடுத்து, எல்லா இடத்திலிருந்தும் கழிக்கிறார்கள். கொஞ்சம் கழித்தால் நிம்மதி. பேராசை பிடித்தால் இசை தண்ணீருக்குள் போய்விடும். மண்டபத்தின் எதிரொலி மறையும். வில் தந்தியில் உரசும் சத்தம், வாசிப்பவர் மூச்செடுக்கும் சத்தம் எல்லாம் போகும். முற்றிலும் நிசப்தமான பின்னணியோடு வரும் ரீமாஸ்டர்களைச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். இரைச்சலோடு சேர்ந்து ஏதோ ஒன்று நிச்சயம் போயிருக்கும்.

எதை வைப்பது, எதை எடுப்பது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழும் பதிவு ஒன்று உண்டு. 1938 ஜனவரி 16ஆம் திகதி வியன்னாவில் புரூனோ வால்டர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். 1912இல் அதை முதன்முதல் அரங்கேற்றியவரும் அவர்தான். முதல் வயலினில் மாலரின் மைத்துனர் ஆர்னோல்ட் ரோசே. கச்சேரியை நேரடியாக 20 பக்கங்களில் வெட்டிய ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ குழுவுக்குத் தலைவர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைக் கூம்புக்குள் பிடித்துத் தெற்காசியாவின் இசைத்தட்டு வரலாற்றைத் தொடக்கிய அதே கெய்ஸ்பர்க்.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை, மார்ச் 12இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்களான வால்டரும் ரோசேயும் நாடிழந்தார்கள். அந்த மேடையும் அந்த அரங்கும் மீண்டும் அதுபோல் கூடவே இல்லை. தட்டுகளிலோ அன்றைய சபையின் இருமல் அப்படியே இருக்கிறது. இஎம்ஐ, டட்டன், நக்ஸோஸ், பிரிஸ்டீன் என்று பல நிறுவனங்கள் இந்தப் பதிவைச் செப்பனிட்டு வெளியிட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறது. பக்கங்களை ஒட்டுவதிலும், ஒலிச்சமன் செய்வதிலும், இரைச்சலை எவ்வளவு விட்டுவைப்பது என்பதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை. இருமலையும் இன்றைய மென்பொருளால் எடுத்துவிட முடியும். எடுக்கக்கூடாது. இரைச்சல் தட்டுக்குச் சொந்தமானது. இருமல் அந்தக் கச்சேரிக்குச் சொந்தமானது.

கூம்புக் காலப் பதிவுகளுக்கு வேறொரு வழி தேவைப்பட்டது. கூம்பு சில சுரங்களைப் பெருக்கும், சிலவற்றை அமுக்கும். எந்தக் கூம்பு, எப்படி என்ற குறிப்பு எதுவும் இல்லை. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டாக்ஹாம் 1970களில் ஓர் உபாயம் செய்தார். என்ரிகோ கரூசோ பாடிய பாட்டையே பிற்காலத்தில் யூஸி பியோர்லிங் நல்ல கருவிகளில் பாடிய பதிவை எடுத்தார். இரண்டிலும் சராசரியாக எந்த அதிர்வெண் எவ்வளவு வலு என்று ஒப்பிட்டார். பாட்டு ஒன்றே என்பதால் வித்தியாசம் பெரும்பாலும் கூம்பின் கைங்கரியம். அதைத் தலைகீழாக்கிக் கழித்தார். 1976இல் ஆர்சிஏ வெளியிட்ட அந்தக் கரூசோ, கணினியால் மீட்கப்பட்ட முதல் வணிக இசைத்தட்டுகளில் ஒன்று.

ஸ்டாக்ஹாம் இல்லாததைச் சேர்க்கவில்லை, சாய்ந்திருந்ததை நிமிர்த்தினார். இன்றைய செயற்கை நுண்ணறிவு அதற்கு அப்பால் போகும். 2023இல் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ பாட்டுக்காக ஜான் லெனனின் குரலைப் பழைய கசெட்டில் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தது நியாயமான வேலை. அந்தக் குரல் நாடாவில் இருந்தது. ஆனால் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே பதியாத 1913இன் தட்டில் 15,000 ஹெர்ட்ஸ் வரை வயலின் மினுமினுப்பை வரைந்து கொடுத்தால், அது நிகிஷின் குழு இல்லை. இன்றைய குழுக்களைக் கேட்டுப் பழகிய யந்திரத்தின் ஊகம். கேட்க இனிமையாக இருக்கலாம். உறையில் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

இதெல்லாம் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் உரிய கவலை என்று கொழும்பு சும்மா இருக்க முடியாது. போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகத்துக்காக இங்கு அமைந்த ரேடியோ சீயாக், 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோனோடு சேர்ந்தது. 1967 ஜனவரி 5இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. கொழும்பு 7இல் உள்ள அதன் இசைத்தட்டுக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான தட்டுகள் சேர்ந்தன. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்காகத் தமிழ்நாட்டில் காத்திருந்தவர்கள் கேட்ட பாட்டுகளும், ஆங்கிலச் சேவையின் மேற்கத்திய இசையும் சுழன்றது அந்தத் தட்டுகளில்தான்.

அந்தத் தட்டுகளுக்கு எதிரி கொழும்பின் காற்று. ஒலி ஆவணங்களுக்கு 20 பாகை செல்சியஸுக்குக் குறைந்த வெப்பமும் 40 சதவீத அளவில் ஈரப்பதமும் நல்லவை. கொழும்பில் ஆண்டு முழுக்க 27, 28 பாகை. ஈரப்பதமும் அதிகம். 65, 70ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும். அரக்குத் தட்டு இதை ஓரளவு தாங்கும். வானொலி நிலையங்கள் உடனடிப் பதிவுக்குப் பயன்படுத்திய, அலுமினியத்தின் மேல் நைட்ரேட் பூச்சுப் பூசிய தட்டுகள் தாங்காது: பூச்சிலிருந்து எண்ணெய் கசிந்து வெண்பொடியாக மேலே படிந்து, முடிவில் உரிந்து விழும். அசிட்டேட் நாடா ஈரத்தில் சிதைந்து வினிகர் மணம் வீசும். 1970களின் நாடாக்களில் பலவற்றின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அவற்றை 50 பாகைச் சூட்டில் மணிக்கணக்காக வாட்டி, ஒரு தடவை ஓடவிட்டுப் பிரதியெடுக்க வேண்டும். காற்று செய்யாததைத் தீ செய்ததும் உண்டு. 1983 யூலை இன வன்முறையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவற்றுக்குள் இருந்தவையும் எரிந்தன.

நாடாவுக்கு இன்னொரு கெடுவும் உண்டு. அதை ஓட்டும் கருவிகளும் பழுது பார்ப்பவர்களும் அருகி வருவதால், 2025 அளவில் நாடாக்களைப் பிரதியெடுக்கும் வாய்ப்பே பல இடங்களில் முடிந்துவிடலாம் என்று யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக்காப்பாளர் சங்கமும் 2019இல் எச்சரித்தன. அந்தச் சங்கத்தின் விதி எளிமையானது: முதலில் எதையும் திருத்தாமல், கீறலும் இரைச்சலுமாக உள்ளபடி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பிரதி எடுங்கள். செப்பனிடுவது அதன் பிரதியில்தான். நாளை இதைவிட நல்ல கணிதம் வரும். அதற்கு இன்றைய இரைச்சலும் தேவைப்படும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்னும் 78 தட்டுகள் கிடக்கலாம். பீத்தோவனாக இருந்தாலும் நாதஸ்வரக் கலைஞர் ராஜரத்தினம் பிள்ளையாக இருந்தாலும் முறை ஒன்றுதான். படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். எல்.பி. ஊசியால் ஓட்டிப் பார்க்காதீர்கள். தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள். மிஞ்சினால், லேபல் நனையாமல், காய்ச்சி வடித்த நீரில் துடைத்து உடனே உலர்த்துங்கள். பளபளப்பாக்கும் ஆசையில் ஸ்பிரிட்டை மட்டும் தொடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மேசைக்குப் பொலிஷ் போடுவதே அப்படிக் கரைத்துத்தான்.